சரசுவுக்கு, என் வலது பக்கம் திரும்பி வருகிறது

எங்கே இருந்தாலும் என் பேச்சுக்குக் காது கொடுக்கும் என் சரசுவுக்கு,

நீ போய் இரண்டு தீபாவளி முடிந்துவிட்டது. இத்தனை நாள் ஒரு வரிகூட எழுதவில்லையே என்று கோபித்துக்கொண்டிருப்பாய். எழுதக் கூடாது என்றில்லை, சரசு. எழுத முடியவில்லை. இப்போது முடிகிறது. மெதுவாகத்தான், பெரிய பெரிய எழுத்தாக, வரிக்கு வரி நிறுத்தி நிறுத்தித்தான். ஆனாலும் முடிகிறது. அதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இதை வேறு யாராவது படித்தாலும் எனக்குச் சம்மதம்தான். என்னைப் போல ஒருவர் எங்கோ ஒரு வீட்டில், எல்லாம் முடிந்தது என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். அவருக்கும் இது போய்ச் சேரட்டும்.

நம்மைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நாம் இரண்டு பேரும் மலேசியாவில், ஜொகூர் பாரு நகரத்துக்குப் பக்கத்திலுள்ள ஸ்கூடாயில் பள்ளி வேன் ஓட்டினோம். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, இரண்டு வேனையும் முன்னும் பின்னுமாக நிறுத்திவிட்டு, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் ஆளுக்கொரு ரொட்டி சானாய் பரோட்டா. என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு இருந்த ஆறுதல் என் மகன் பிரகாஷும் அந்த அரைமணி நேரமும்தான். உன் ஷாமினியும் என் பிரகாஷும் ஒரே வகுப்பு. உன் வேன் பழுதானால் என் வேனில் இருவரும், என் வேன் பழுதானால் உன் வேனில் இருவரும். அவள் என்னைச் சின்னம்மா என்று கூப்பிட ஆரம்பித்தபோது யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நினைவிருக்கிறதா?

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். பயப்படாமல் கேள்.

அன்றைக்குக் காலையிலிருந்தே தலைவலி. கண்ணாடி மாற்ற வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் பள்ளி விட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தாமான் குடியிருப்பு முனையில் வேனைத் திருப்பினேன். வலது பக்கம் பார்த்தேன், சரசு. சத்தியமாகப் பார்த்தேன். ரோடு காலியாகத்தான் இருந்தது. மெல்ல நகர்த்தினேன். பின்னாலிருந்து பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கத்தின, "ஆன்ட்டி, கார்! கார்!"

பிரேக்கை அழுத்திய பிறகும் எனக்குக் கார் தெரியவில்லை. ஹார்ன் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் என் மூக்குக்கு நேரே திடீரென்று ஒரு சிவப்புக் கார் முளைத்தது. எங்கிருந்தோ வரவில்லை, முளைத்தது. அந்த ஆள் ஜன்னலை இறக்கி என்னைத் திட்டிவிட்டுப் போனார். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாமி புண்ணியம்.

வேனை ஓரங்கட்டினேன். சாவியைப் பிடுங்கிக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இனி ஓர் அடிகூட இதை நகர்த்தக் கூடாது என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. பள்ளிக்குப் போன் பண்ணினேன், ஓர் ஆசிரியை வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். அடுத்த போன் ஷாமினிக்கு. அவள் இப்போது ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையில் இயன்முறைச் சிகிச்சை செய்கிறாள். ஸ்ட்ரோக் வந்தவர்களை எழுப்பி நடக்க வைக்கும் வேலை. அதை நீ பார்த்துவிட்டுத்தான் போனாய்.

"சின்னம்மா, சிரிங்க," என்றாள் போனில்.

"எதுக்குடி சிரிக்கணும்?"

"வாய் ஒரு பக்கம் கோணுதான்னு பக்கத்துல யாரையாவது பாக்கச் சொல்லுங்க. ரெண்டு கையையும் தூக்குங்க. அங்கேயே இருங்க, ஆம்புலன்ஸ் வரும். நானும் வரேன்."

வாய் கோணவில்லை. கை கால் விழவில்லை. பேச்சு குழறவில்லை. அதனால்தான் எனக்கே சந்தேகம் வரவில்லை. மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் எதிரே உட்கார்ந்து, தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, "எத்தனை விரல்?" என்றார்.

"விரலைக் காட்டுங்க டாக்டர், சொல்றேன்," என்றேன்.

அவர் ஷாமினியைப் பார்த்தார். ஷாமினி தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் புரிந்தது, விரலை அவர் முன்பே காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மூளையின் பின்பக்கம், பிடரிக்கு மேலே, இரத்தம் போகாமல் ஓர் இடம் அடைத்துப் போயிருந்தது. அதுதான் பார்க்கிற இடமாம். கண்ணில் ஒரு குறையும் இல்லை. கண் எடுத்து அனுப்புவதை வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை, அவ்வளவுதான். எல்லாரும் என் வலது கண் போய்விட்டது என்று நினைத்தார்கள். அப்படியில்லை. எந்தக் கண்ணால் பார்த்தாலும் வலது பாதி கிடையாது. கறுப்பாகத் தெரியுமா என்று கேட்பார்கள். உன் முதுகுக்குப் பின்னால் இருப்பது உனக்குக் கறுப்பாகவா தெரிகிறது? ஒன்றுமே தெரியாது, இல்லையா? அப்படித்தான்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை எப்படிச் சொல்வது? கதவு நிலையில் தோள் இடிக்கும். மேசையில் வலது கைப்பக்கம் வைத்த கோப்பி கவிழும். பாசாரில், சந்தைக் கூட்டத்தில், ஓர் அம்மாவின் மேல் மோதிவிட்டேன். "கண்ணு தெரியலையா?" என்றாள். என்ன பதில் சொல்வது சொல்லு. தெரிகிறது என்றாலும் பொய், தெரியவில்லை என்றாலும் பொய்.

படிப்பதுதான் பெரிய கொடுமை. நம் தமிழில் விஷயமெல்லாம் வாலில்தானே இருக்கிறது? வந்தானா வரவில்லையா, உண்டா கிடையாதா, எல்லாம் கடைசியில். எனக்கு வால் தெரியாது. ஒரு வாரம், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிரகாஷ் செய்தி அனுப்பினான். "அம்மா, சனிக்கிழமை வர" என்பது வரைக்கும் எனக்குத் தெரிந்தது. பிள்ளை சிங்கப்பூரிலிருந்து வருகிறான் என்று நண்டு வாங்கி, தடவித் தடவிக் குழம்பு வைத்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் போன் பண்ணினேன்.

"எங்கடா இருக்க? எல்லைப் பாலத்துல ஜாமா?"

"வர முடியாதுன்னு மெசேஜ் பண்ணேனே மா. ஓவர்டைம்."

முடியாது என்ற வார்த்தை அங்கே இருந்திருக்கிறது, சரசு. என் போனில், என் கையில். நான் சிரித்துக்கொண்டே, "ஓ, மறந்துட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஷாமினி வந்துதான் அந்த நண்டைத் தின்று தீர்த்தாள். தின்றுகொண்டே அழுதாள். காரம் என்றாள்.

ஆரம்ப மாதங்களில் தானாகக் கொஞ்சம் திரும்பலாம், அதற்குப் பிறகு இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த மாதங்கள் போயின. ஒன்றும் திரும்பவில்லை. வேனைப் புதிதாக ஓட்ட வந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். பிள்ளைகளுக்கு வண்டி வேண்டுமே. அவள் ஓட்டிக்கொண்டு போனபோது நான் வாசலுக்கு வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் ஷாமினி ஒரு செய்தியோடு வந்தாள். பிரகாஷும் அன்று வீட்டில் இருந்தான். ஸ்கூடாய் பக்கத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில், ஸ்ட்ரோக்கில் பாதிப் பார்வை போனவர்களைத் தேடுகிறார்களாம். தலையில் மெல்லிய மின்சாரம் கொடுத்து மூளையைத் தட்டி எழுப்பிக்கொண்டே, கண்ணில் ஒரு கருவியை மாட்டி, கணினி காட்டுகிற ஒரு பொய் உலகத்துக்குள் பார்க்கப் பழக்குகிறார்களாம்.

பிரகாஷ் எழுந்து நின்றுவிட்டான். "தலையில கரண்டா? எங்கம்மா என்ன எலியா, வெச்சு சோதனை பண்றதுக்கு?"

"பிளக்ல வர்ற கரண்ட் இல்லடா. பேட்டரியில ஓடறது, ரொம்பக் கொஞ்சம். டாக்டர் கூடவே இருப்பாங்க."

"குணமாகும்னு சொல்றாங்களா?"

"சொல்லல. இன்னும் ஆராய்ச்சிதான். சிலருக்குக் கொஞ்சம் வரலாம், சிலருக்கு ஒண்ணுமே வராம போகலாம்."

"அப்புறம் எதுக்கு வந்து ஆசை காட்டற? அவங்க இப்பதான் கொஞ்சம் அழாம இருக்காங்க."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஷாமினி மெதுவாகச் சொன்னாள். "எங்கம்மாவுக்கு நோயைக் கண்டுபிடிச்சப்பவே எல்லாம் முடிஞ்சுபோச்சு பிரகாஷ். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க. முயற்சி பண்ணிப் பாக்கறதுக்குக்கூட ஒண்ணும் இல்ல. இங்க ஒண்ணு இருக்கு. பலிக்காம போனா போகட்டும் லா. ஆனா இருக்கு."

அவள் குரலில் நீ இருந்தாய். நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் நூர் என்று ஒரு மலாய்ப் பெண்தான் அங்கே பொறுப்பு. நம்மைவிட வயது குறைவு, ஆனால் பேச்சில் அவசரமே இல்லை. வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் இரும்புத் தகடு ஏதாவது வைத்திருக்கிறார்களா என்றெல்லாம் மலாயில் கேட்டார். "இரும்பு இல்ல டாக்டர், களிமண்தான் இருக்குன்னு என் பிரெண்டு சொல்லுவா," என்றேன். நன்றாகச் சிரித்தார். பிறகு முகத்தை நேராக வைத்துக்கொண்டு ஒன்று சொன்னார். இங்கே வருகிறவர்களில் சிலருக்கு நிஜ மின்சாரம், சிலருக்குச் சும்மா. யாருக்கு எது என்று வருகிறவர்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அப்போதுதான் மின்சாரம் நிஜமாகவே உதவுகிறதா, இல்லை நம் நம்பிக்கைதான் வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்க முடியுமாம். சும்மா கிடைத்தவர்களுக்கு, விருப்பமிருந்தால், பின்னால் நிஜமானது கொடுப்பார்களாம்.

"ஆன்ட்டிக்குச் சம்மதமா?" என்று கேட்டார். சம்மதம் என்றேன். எனக்கு நிஜம்தான் கிடைக்கும் என்று மனதுக்குள் முடிவு பண்ணிக்கொண்டேன். எல்லாரும் அப்படித்தானே நினைத்திருப்போம்?

முதல் நாளே நம்மூர் வழக்கத்துக்கும் ஆராய்ச்சிக்கும் தகராறு. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வரக் கூடாதாம். எனக்கா! ஓர் ஆயுசு எண்ணெயைக் கழுவ எத்தனை ஷாம்பு பாட்டில் காலியானது தெரியுமா? தலையில் ஒரு தொப்பி. அதற்குள் உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சு. பின்னந்தலையில் எறும்பு கடிப்பதுபோலக் கொஞ்ச நேரம் சுருக்சுருக்கென்றது. பிறகு கண்ணில் அந்தக் கருவி. நீச்சல் அடிக்கிறவர்கள் போடும் கண்ணாடியைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் எப்படியோ அப்படி. கனம்.

உள்ளே என்ன தெரியுமா? பாசார் மாலாம்! நம் தாமானில் வாராவாரம் போடுகிற சாயங்காலச் சந்தை மாதிரியே கூடாரம், விளக்கு, குச்சியில் இறைச்சி கோத்துச் சாத்தே சுடுகிற ஆள். வாசனைதான் இல்லை. நான் அந்தச் சாத்தே ஆளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வலது பக்கத்தில் எங்காவது ஒரு காகித விளக்கு மிதந்து வரும், கூடவே அதே பக்கத்துக் காதில் மணி அடிக்கும். தெரிந்ததும் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். காது முதலில் சொல்லும், கண் பின்னால் கற்றுக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. போகப் போக மணிச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வருவார்கள்.

மணி கேட்கும், அழுத்துவேன். மணியை நிறுத்துவார்கள், நான் சாத்தே ஆளையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவனும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். விளக்கு வந்து போயிருக்கும். வாரக்கணக்காக இதே கதை.

ஷாமினி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் என்னைக் காரில் கூட்டிப் போனாள். ஒரு சனிக்கிழமை அவளுக்கு வேலை இருந்ததால் பிரகாஷ் வந்தான். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு மூலையில் நின்றான். அங்கே கணினியைப் பார்த்துக்கொள்ளும் சீனப் பெண் அவனிடம், "உங்கம்மா பாக்கறதை நீங்க பாக்கறீங்களா?" என்றாள். அந்தக் கருவியிலேயே வலது பாதியை அணைத்துக் காட்ட முடியுமாம். விளையாட்டாகத்தான் மாட்டிக்கொண்டான்.

சந்தைக்குள் நடக்கச் சொன்னாள். நிஜத்தில் அவன் அந்த வெற்று அறைக்குள்தான் நடந்தான். கொஞ்ச நேரம் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான். எதிரே வந்த பொய் மனிதர் ஒருவர் அவன்மேல் மோத, திடுக்கிட்டுப் பின்வாங்கினான். பிறகு அப்படியே நின்றுவிட்டான். கையை மட்டும் வலது பக்கம் நீட்டினான், சுவரைத் தேடுவதுபோல. கருவியைக் கழற்றியபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

"எப்பவுமே இப்படியா மா?"

"எப்பவுமேதான்டா."

வீட்டுக்கு வந்ததும் வரவேற்பறை மேசையை என் வலது பக்கத்திலிருந்து இழுத்து இடது பக்கம் போட்டான்.

அந்தச் சுற்று முடிந்த சில வாரங்களில் டாக்டர் நூர் கூப்பிட்டார். போனேன். எனக்குக் கிடைத்தது சும்மா என்றார்.

சும்மா! அந்த எறும்புக் கடிகூட ஆரம்பத்தில் கொஞ்சம் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுவார்களாம், வித்தியாசம் தெரியாமல் இருக்க. அவர் முன்னாடியே சொன்னதுதான், ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! சாமி கும்பிடுகிற மாதிரி நேரம் தவறாமல் போய் உட்கார்ந்தேனே. வீட்டுக்கு வந்து ஷாம்பு பாட்டிலைக் குப்பையில் போட்டேன். தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டேன்.

"போதும் ஷாமினி. அடுத்த சுத்துக்கு நான் வரல. எனக்கு இதுதான் விதிச்சது."

ஷாமினி வாயைத் திறக்குமுன் பிரகாஷ் பேசினான். நான் சொன்னேனே அப்போதே என்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் குப்பைத் தொட்டியிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தான்.

"நான் அதுக்குள்ள கொஞ்ச நேரம்தான் நின்னேன் மா. மூச்சு முட்டிடுச்சு. நீங்க வருஷக்கணக்கா அதுக்குள்ள இருக்கப் போறீங்கன்னா, இன்னொரு தடவை முயற்சி பண்ணிட்டு இருங்க. சனிக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்."

நம் பிள்ளைகளை நாம் தப்பாக வளர்க்கவில்லை, சரசு.

இரண்டாவது சுற்றில் எறும்பு நிற்கவில்லை. சின்னதாக, ஒரே சீராக இருந்துகொண்டே இருந்தது. முதல் சில தடவை அதே சாத்தே ஆள், அதே வெறுமை. பிறகு ஒருநாள், மணி இல்லாமல், என் கை தானாகப் பொத்தானை அழுத்தியது.

"பெத்துல், ஆன்ட்டி!" என்று அந்தச் சீனப் பெண் கத்தினாள். சரிதான் என்கிறாள்.

"நான் ஒண்ணும் பாக்கலையே," என்றேன். உண்மையில் பார்க்கவில்லை. யாரோ பக்கத்தில் வந்து நின்றால் திரும்பாமலே தெரியுமே, அப்படி ஓர் அசைவு. நிறமில்லை, உருவமில்லை. தற்செயலாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். மறுபடி வந்தது, மறுபடி அழுத்தினேன். அன்றைக்கு எல்லாமே சரியாகவில்லை. ஆனால் நிறைய சரியானது. கருவிக்குள்ளேயே கண்ணீர் கட்டிக்கொண்டு அந்தச் சாத்தே ஆள் கலங்கித் தெரிந்தான். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார்கள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அசைவு முதலில். அப்புறம் வெளிச்சம். அப்புறம் நடுவிலிருந்து வலது பக்கம் ஒரு சின்னப் பட்டை, கதவை ஒருக்களித்துத் திறந்த மாதிரி.

ஒரு காலையில், இரண்டாவது சுற்று தொடங்கியதிலிருந்து என்னோடேயே தங்கியிருந்த ஷாமினி, வேலைக்குப் போகுமுன் எதிரே உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதமாக அவள் மூக்கைப் பார்த்தால் அவள் இடது கன்னம் எனக்குக் கிடையாது. கன்னத்தைத் தேடித் திரும்பினால் மற்றது போய்விடும். அன்று ஏதோ சொல்லிச் சிரித்தாள். இடது கன்னத்தில் குழி விழுந்தது. அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழி எனக்குத் தெரிந்தது. உன் குழி, சரசு. நீ அப்படியே அவளிடம் விட்டுவிட்டுப் போன குழி.

"என்ன சின்னம்மா, அப்படிப் பாக்கறீங்க?"

"நீ சிரி," என்றேன். "சும்மா சிரிச்சிட்டே இரு."

டாக்டர் நூர் என் பார்வையைப் படமாக வரைந்து காட்டினார். முன்பு பாதிப் படம் ஒரே கறுப்பு. இப்போது கறுப்பின் ஓரம் அரிக்கப்பட்டிருந்தது, கடல் கரையை அரிப்பது மாதிரி. "முழுசா வரல ஆன்ட்டி. வராமலும் போகலாம்," என்றார். மின்சாரம் செய்ததா, அத்தனை நாள் பயிற்சி செய்ததா, இரண்டும் சேர்ந்தா என்று ஓர் ஆளை வைத்துச் சொல்ல முடியாது, எல்லாரையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் தெரியும் என்றார். வண்டி ஓட்டுவதைப் பற்றி நானே கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். அழவில்லை. பதில் எனக்கு முன்பே தெரியும்.

இனிதான் முக்கியமான செய்தி. கேட்டுக்கொள்.

போன மாதம் பிரகாஷ் பேச்சுவாக்கில் உளறிவிட்டான். ஷாமினிக்கு ஆஸ்திரேலியாவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, உதவித்தொகையோடு. மூளை அடிபட்டவர்களுக்குச் சிகிச்சை தரும் படிப்புதான். உன் மகள் என்ன செய்யப் போகிறாள் தெரியுமா? வேண்டாம் என்று எழுதிப் போடப் போகிறாள். எனக்குத் தெரியக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறாள்.

நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சாக்குச் சொல்வாள். மறுநாள் காலை அவள் வேலைக்குப் போன பிறகு, சேலையை மாற்றிக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, தனியாகப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து வாசல் கேட்டைத் தாண்டித் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை.

பஸ் வந்தது. அதன் எண்ணில் கடைசி இலக்கம் முதலில் தெரியவில்லை. அவர்கள் பழக்கிய மாதிரி பார்வையைக் கொஞ்சம் வலது பக்கம் தள்ளினேன், வந்துவிட்டது. ஏறினேன். ஜொகூர் பாருவில் இறங்கினேன். எத்தனை ஜனம், எத்தனை சத்தம்! ரோட்டைக் கடக்க வேண்டும். பச்சை விளக்கு வரும்வரை நின்று, காது, கண் இரண்டையும் வலது பக்கம் வைத்தேன். காலை எடுத்து வைக்கும் நேரத்தில் வலது ஓரத்தில் ஏதோ பெரிதாக அசைந்தது. நின்றேன். திரும்பினேன். சிவப்பு விளக்கை மதிக்காமல் ஒரு லாரி.

என் பக்கத்தில் நின்ற மலாய்க்காரர், "அலாமாக், பைத்தியக்காரன்," என்று லாரியைத் திட்டினார். நான் திட்டவில்லை. எனக்கு அந்த லாரிக்காரனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. நான் அவனைப் பார்த்தேன், சரசு! யாரும் கத்தாமல், நானே பார்த்தேன்.

மருத்துவமனையில் ஷாமினி ஒரு தாத்தாவைக் கம்பி பிடித்து நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"சின்னம்மா! என்னாச்சு? யாரு கூட்டிட்டு வந்தா?"

"பஸ்."

"பஸ்ஸா? தனியாவா? உங்களுக்கு என்ன..."

"நீ எப்படி ஆஸ்திரேலியா போவியோ அப்படித்தான். தனியா."

அவள் முகம் மாறியது. "அந்தப் பிரகாஷை..."

"அவனை அப்புறம் திட்டிக்க. இப்ப சொல்லு, எதுக்கு வேண்டாம்னு எழுதப் போற?"

"உங்களை விட்டுட்டு எப்படிப் போறது?" என்றாள். அந்தத் தாத்தா கம்பியைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மாதான் போயிட்டாங்க. நீங்களாவது..."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "உங்கம்மா உன்னை என்கிட்ட விட்டுட்டுத்தான் போனா. கட்டிப் போடச் சொல்லிட்டுப் போகல. உனக்கு அம்மா முன்னால கையைக் கட்டிக்கிட்டு நின்னது வலிச்சுது இல்ல? போய்ப் படி. அடுத்து எவளோ ஒருத்தி தன் அம்மாவைக் கூட்டிட்டு உன் முன்னால வந்து நிப்பா. அவளுக்குச் சொல்ல உன்கிட்ட ஏதாவது இருக்கணும்."

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். எந்தப் பக்கத் தோள் என்று நீ கேட்பாய். வலதுதான். அந்தத் தாத்தா தமிழர்தான்போல. "போயிட்டு வா மா," என்று அவரும் ஒரு பங்குக்குச் சொல்லி வைத்தார்.

நான் சொன்னது சரிதானா, சரசு? நீ இருந்தால் இன்னும் நல்லாச் சொல்லியிருப்பாயா? இல்லை, போகாதே என்றிருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் சம்மதித்துவிட்டாள். அடுத்த வாரம் கிளம்புகிறாள். வீடு முழுக்கப் பெட்டி. பிரகாஷ் எடை பார்த்து எடை பார்த்து அவளோடு சண்டை போடுகிறான், சிறுவயதில் முன் சீட்டுக்குப் போட்ட அதே சண்டை.

நான் பயிற்சியை விடவில்லை. டாக்டர் நூர் ஒரு கருவியை வீட்டுக்கே கொடுத்திருக்கிறார். தினமும் கொஞ்ச நேரம் மாட்டிக்கொள்கிறேன். இப்போது சந்தை போய்க் கடற்கரை வந்திருக்கிறது. செய்தித்தாள் பெரிய எழுத்துத் தலைப்புகளைக் கடைசிவரைக்கும் படிக்கிறேன். இன்னும் கோப்பி கவிழத்தான் செய்கிறது. முன்பு தினமும் கவிழ்ந்தது, இப்போது எப்போதாவது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுத்து முடிக்கிறேன். உன் மகளை அழாமல் விமானம் ஏற்றுகிறேன். அவள் படித்து முடிக்கும்வரை என் மருந்தையும் நடையையும் பயிற்சியையும் ஒருநாளும் தவற விடமாட்டேன். அவள் திரும்பி வருகிற அன்று செனாய் விமான நிலையத்தில் நான் தனியாக வந்து நிற்பேன். கூட்டத்தில் அவள் என்னைத் தேட வேண்டியிருக்காது. அவள் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அவளை முதலில் பார்ப்பது நானாகத்தான் இருக்கும்.

உன் மகளுக்குச் சின்னம்மாவும்
உனக்குக் கூடப் பிறக்காத பிறப்புமான
லெட்சுமி
ஸ்கூடாய், ஜொகூர்